ஜரீனாவின் மெஷினும் ஆறாத டீயும்

என் உயிர் ஜரீனாவுக்கு,

நான் எழுதிய எதையும் நீ முழுசாகப் படித்ததே இல்லை. இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, "கதைய வுடு கலை, ரிசல்ட்டு இன்னா?" என்று கேட்பாய். போன இடத்திலும் அந்தக் குணம் மாறியிருக்காது. அதனால் ரிசல்ட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெயித்துவிட்டோம்டி. உன் மெஷின் ஓடுகிறது. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன்னை அடக்கம் செய்த இடத்துக்கே வந்து சொல்லலாம் என்று பார்த்தேன். உங்கள் வழக்கத்தில் பெண்கள் அங்கே வருவதில்லை என்று உன் அண்ணன் பாஷா சங்கடத்தோடு சொன்னார். அதுவும் நல்லதுதான். அங்கே வந்திருந்தால் நான் அழுதிருப்பேன். இது அழுதுகொண்டு சொல்கிற செய்தி இல்லை.

நம்மைத் தெரியாத யாராவது இதைப் படித்தால் குழம்பிப்போவார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள். ஜரீனாவும் நானும் திருவண்ணாமலையில் ஒரு சிறிய தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தோம். இரண்டு பேரும் வேதியியல் படித்தவர்கள், ஒரே வயது, ஒரே மேசை. கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் பூச்சிமருந்து, களைக்கொல்லி போன்றவை கலந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒரு டேங்கர் லாரித் தண்ணீரில் ஒரு கல்லுப்பு அளவுக்கு இருந்தாலும் அதைப் பிடித்தாக வேண்டும்.

அதைப் பிடிக்கிற பெரிய மெஷின் எங்களிடம் இருந்தது. ஆனால் அந்த மகாராணி கேனிலிருந்து அப்படியே ஊற்றும் தண்ணீரைத் தொட மாட்டாள். அவளுக்கு எல்லாம் பக்குவப்படுத்தித் தர வேண்டும். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் அடைத்த வெள்ளைத் தூள். அதன் வழியாக ஒரு லிட்டர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். தண்ணீர் போய்விடும், மருந்து தூளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு கரைப்பானை விட்டு அந்த மருந்தை மட்டும் கழுவி எடுத்து, காற்று ஊதிச் சுண்டவைத்து, கடைசியில் மிஞ்சும் துளியைத்தான் அவளுக்குப் படைப்போம்.

கேட்பதற்கு பில்டரில் டிகாஷன் இறக்குகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் டிகாஷனை இறக்கிவைத்துவிட்டு வாசலில் கோலம் போடப் போகலாம். இங்கே நகர முடியாது. வேகமாக இறங்கினால் மருந்து தூளில் நிற்காமல் ஓடிவிடும். கண்ணயர்ந்து தண்ணீர் தீர்ந்துபோய்த் தூள் காய்ந்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வால்வைக் கொஞ்சம் திருகு, கொஞ்சம் தளர்த்து, அடுத்த குழாயைப் பார், திரும்ப முதல் குழாய்க்கு வா. நம் இளமை பூராவும் இப்படித்தான் சொட்டிப் போயிற்று, இல்லையாடி?

எதிர்க்கடைக்காரர் தினமும் இரண்டு டீயைக் கொண்டுவந்து வெளி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போவார். லேபுக்குள் எதையும் குடிக்கக் கூடாது. குழாயை விட்டு வெளியே வரவும் முடியாது. ஒருவழியாக வந்து பார்த்தால் டீ ஆடை கட்டிக் கிடக்கும். அதை ஒரு விரலால் தூக்கி எறிந்துவிட்டு மருந்து குடிக்கிற முகத்தோடு நீ குடிப்பாய். அப்படி ஒரு நாள்தான் சொன்னாய்.

"எனக்கு அவார்டு கிவார்டு ஒண்ணும் வேணாம் கலை. ஒரே ஒரு நாள் டீய சூடா குடிக்கணும். அதுக்கு ஒரு மெஷின் செய்யப் போறேன் பாரு."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

உனக்கு டீ. எனக்கு வேறொரு கவலை இருந்தது, அது உனக்குத் தெரியும். எடுத்துவந்த தண்ணீரைக் குறிப்பிட்ட நாளுக்குள் பக்குவப்படுத்தாவிட்டால் அதற்கப்புறம் வரும் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. நம் இரண்டு ஜோடிக் கைகளால் வருகிற கேன்களில் பாதியைக்கூட முடிக்க முடியாது. நகரத்துத் தண்ணீர் முதலில், பள்ளிக்கூடங்கள் அடுத்தது, சுற்றுக் கிராமங்கள் கடைசியில். எங்கள் ஊரான அடி அண்ணாமலையின் போர் தண்ணீர் ஒவ்வொரு முறையும் நாள் கடந்து, கழுவுதொட்டியில் கொட்டப்பட்டுத்தான் போயிருக்கிறது. ஊர் ஊராகத் தண்ணீரைச் சோதிக்கிறவள், தன் வீட்டில் என்ன குடிக்கிறோம் என்று தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தேன். கேனைக் கவிழ்க்கும்போது நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய்.

நமக்குப் பதில் குழாய்களைக் காவல் காக்கப்போகும் அந்த மெஷினின் பெரிய சிக்கல், தண்ணீர் தீரப்போகிறது என்பதை அதற்கு எப்படிச் சொல்வது என்பதுதான். நீ பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டாய். கடைசியில் விடை உன் வீட்டு மொட்டைமாடியில் இருந்தது. மேல் தொட்டி நிரம்பினால், "தண்ணீர் நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்தவும்" என்று ஒரு பெண்குரல் தெருவுக்கே அறிவிக்குமே, அந்த அலாரம். நிறைவதைக் கண்டுபிடிக்கிற கம்பியால் குறைவதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று அதைக் கழற்றிக்கொண்டு வந்தாய். அதற்கப்புறம் உன் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வந்தது தனிக் கதை.

அந்தக் கம்பி வேலை செய்தது. ஆனால் அந்தப் பெண்குரலைப் பிரிக்கவே முடியவில்லை. பிரித்தால் எல்லாமே நின்றுவிட்டது. "இருக்கட்டும் வுடுடி, நாம சண்ட போட்டுக்கிட்டுப் பேசாம இருக்கும்போது ரூமுல ஒரு பேச்சு சத்தமாவது இருக்கும்" என்றாய். அதனால் பாட்டில் காலியாகும்போதெல்லாம் நம் மெஷின், தண்ணீர் நிரம்பிவிட்டது என்று கூசாமல் பொய் சொல்லும். இன்றைக்கும் சொல்கிறது.

ஆறு குழாயில் இரண்டு ஓட ஆரம்பித்தபோது அந்த மழைக்காலக் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டே மூன்றாவது பம்பைப் பற்றித்தான் பேசினாய். நான் அதட்டிப் படுக்கவைத்தேன். அடுத்த முறை வந்தபோது பேச நீ இல்லை.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

நீ போன பிறகு மெஷினின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவைத்திருந்தோம். வருகிறவன் போகிறவனெல்லாம் அது காயலான்கடைக்கு எப்போது போகிறது என்று கேட்டான். இந்த நேரத்தில் சென்னைத் தலைமையகத்திலிருந்து தகவல் வந்தது. வேலை தேங்குகிறது, ஆள் போதவில்லை, அதனால் பூச்சிமருந்துப் பிரிவை மூடிவிட்டுத் தண்ணீரையெல்லாம் சென்னைக்கே அனுப்பலாம் என்று யோசிக்கிறார்களாம். என்னை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். மெஷினுக்கு வழி காயலான்கடைதான். சென்னைக்குப் போகிற கேன் வரிசையில் எங்கள் ஊர்க் கேன் எத்தனையாவது இடத்தில் நிற்கும் என்று நீயே சொல்.

எனக்கு வந்ததே கோபம். நம் ஏகாம்பரம் சார் அறைக்குப் போய், மேஜைக்கு எதிரே உட்காராமலே பேசினேன். கூடத்தின் தலைவர் அவர், நல்ல மனுஷன், ஆனால் ஒரு கையெழுத்துப் போட மூன்று முறை மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறவர். அன்றைக்கு என்னவோ துடைக்காமலே சென்னைக்குப் போன் போட்டார். ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அங்கிருந்து ஓர் அதிகாரி சீல் வைத்த பாட்டில்களோடு வருவார். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு பாட்டிலிலும் பாதியை அவர் கையால் பக்குவப்படுத்துவார், மீதியை மெஷின் செய்யும். இரண்டும் ஒத்துப்போனால் பிரிவும் இருக்கும், மெஷினும் இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் போகும்.

அன்று சாயங்காலமே பாஷா அண்ணனின் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போனேன். மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த உன் அண்ணன், நான் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அவ பாதில வுட்டுட்டுப் போன ஒரே வேலை இதுதான் தங்கச்சி. முடிச்சிடலாம் வா."

ஜரீனா, இந்த இடத்தில் உன்னை ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். எல்லா வயரையும் பச்சையிலேயே ஏன்டி வாங்கினாய்? ஒரு ரோல் கம்மி விலைக்குக் கிடைத்ததாமே. எந்த வயர் எந்த வால்வுக்குப் போகிறது என்று தெரியாமல் நானும் பாஷா அண்ணனும் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். சாந்தமான அந்த மனுஷன் உன்னை உருதுவில் திட்டியதை முதல் முறையாகக் கேட்டேன். திட்டி முடித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண் சிவந்து வந்தார். இருவரும் அடுத்த வயரைப் பிடித்தோம்.

ஆறு குழாயும் ஓடின. ஆயுதபூஜைக்கு முன்னால் ஓடின என்பதுதான் வினையாகப் போனது.

ஏகாம்பரம் சாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பூஜை போடாமல் மெஷினை ஓட்டலாமா என்று பொட்டலமும் பூவுமாக வந்துவிட்டார். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், வாழைக்கன்று. ஏ.சி. அறையின் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, ஒரு கை நிறையக் கற்பூரத்தைத் தட்டில் கொளுத்தி, மெஷினின் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாகச் சுற்றிக் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நானும்தான். கோயில் குளம் என்று வளர்ந்த எங்களுக்கு அது தவறாகவே படவில்லை. நீ இருந்திருந்தால் வாசலிலேயே கையை விரித்துக்கொண்டு நின்றிருப்பாய். பூ வைத்துக்கொண்டு வந்தாலே வெளி ஆணியில் மாட்டிவிட்டு வரச் சொல்கிறவள் நீ. உன் சொந்த அப்பாவையே அத்தர் பூசியிருந்தார் என்று திருப்பி அனுப்பியவள்.

மறுநாள் வழக்கம்போல முதலில் வெறும் சுத்தத் தண்ணீரை ஓட்டினேன். அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. மகாராணி வரைகிற படத்தில் கோடு படுத்துக்கிடக்க வேண்டும். ஆனால் நடுவில் ஒரு மலை நின்றது. நம் அண்ணாமலையே எழுந்து நிற்கிற மாதிரி ஒரு மலை.

மறுபடி ஓட்டினேன். மறுபடி மலை. கரைப்பானை மாற்றினேன், தூளை மாற்றினேன், பாட்டில்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். என்ன செய்தாலும் அந்த மலை அசையவில்லை. நம் பழைய மகாராணி ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் காட்டுவாள், அது என்ன என்று பெயர் சொல்ல மாட்டாள். சுத்தத் தண்ணீரிலேயே அழுக்கைக் காட்டுகிற மெஷினைச் சென்னை அதிகாரி முன் எப்படி நிறுத்துவது? பாஷா அண்ணன் பம்புகளைப் பிரித்துப் பார்த்தார். ஏகாம்பரம் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தேதியைத் தள்ளிப்போடலாமா என்று மெல்லக் கேட்டார். தள்ளிப்போட்டால் மூடிவிடுவார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த நாட்களில் உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு செய்தவள், இதற்கு ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் விளக்கேற்றினேன். கற்பூர டப்பாவைத் திறந்தால் உள்ளே நாலு மிளகு மட்டும் உருண்டுகொண்டிருந்தது. கற்பூரம் கரையாமல் இருக்க நாங்கள் போட்டுவைக்கிற மிளகு. யாரோ மூடியைச் சரியாக மூடவில்லை. "யாருங்க டப்பாவத் தொறந்து போட்டது? எல்லாம் காத்துலயே போயிடுச்சு பாருங்க" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன்.

கத்திய வாயை மூடவில்லை, அப்படியே நின்றேன். காற்றில் போன கற்பூரம் எங்கே போகும்? சாத்திய அறையில் கொளுத்திய கற்பூரம் எங்கே போயிருக்கும்? நம் மெஷினில் பாட்டிலிலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும் குழாய்கள் மெத்தென்ற சிலிக்கோன் ரப்பர். வாசனை எது வந்தாலும் குடித்து வைத்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற ஜாதி. கிரிவலப் பாதையிலேயே குடியிருக்கிற என் மூக்குக்குக் கற்பூரம் காற்று மாதிரி. அது இருப்பதே தெரியாது.

மறுநாள் ஒரு துளிக் கற்பூரத்தைக் கரைப்பானில் கரைத்து மகாராணிக்குக் கொடுத்தேன். அதே இடத்தில், அதே மலை. அறையில் தனியாக நின்று நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

ஏகாம்பரம் சாரிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நான் நல்லதுக்குத்தாம்மா போட்டேன்" என்றார். உங்கள் பூஜை பலித்துவிட்டது சார், கற்பூரத்தைக்கூட விடாமல் பிடிக்கிறது மெஷின் என்றேன். பழைய ரப்பர் குழாய்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, எதையும் குடிக்காத டெஃப்ளான் குழாய் மாட்டினோம். உள்ளே மூலைமுடுக்கெல்லாம் கழுவி, சுத்தத் தண்ணீரை ஓட்டினேன். கோடு பாய் விரித்த மாதிரி படுத்துக்கிடந்தது. ஒன்றுமே இல்லாத ஒரு படத்தை இவ்வளவு நேரம் ரசித்துப் பார்த்தவள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். நீயும் இருந்திருந்தால் இரண்டு பேர்.

சென்னைக்காரர்கள் காலண்டரைப் பார்க்காமல் நாள் குறித்தார்கள். பௌர்ணமி. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதிகாரி மேடம் ஐஸ் பெட்டியோடு கார் நகராமல் மாட்டிக்கொண்டார். பாஷா அண்ணன் மொபெட்டில் சந்து சந்தாகப் புகுந்து போய், பெட்டியை முன்னால் வைத்து, மேடத்தைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். மேடம் இறங்கும்போது தலைமுடியெல்லாம் கலைந்திருந்தது. நம் வயதுதான் இருக்கும். சிடுசிடுவென்று இருப்பார் என்று பயந்தேன். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, நேராகக் கை கழுவி வேலையில் இறங்கினார்.

ஒரு மேசையில் அவர் கை. எதிர் மேசையில் உன் மெஷின். பாட்டில்களைப் பொருத்திவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. பிரசவ அறை வாசலில் நிற்கிறவள் மாதிரி குழாய்க்குக் குழாய் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். வெளித் திட்டில் வைத்த டீ ஆடை கட்டிவிட்டது. கொஞ்ச நேரம் என்னைக் கவனித்துவிட்டு மேடம் கேட்டார்.

"மெஷின்தான் பாத்துக்குதே, நீங்க ஏன் நிக்கிறீங்க?"

அந்த நேரம் பார்த்து முதல் பாட்டில் காலியாகி, தண்ணீர் நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்தவும் என்றது உன் மெஷின். மேடம் திடுக்கிட்டுக் கூரையைப் பார்த்தார். உன் மொட்டைமாடிக் கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சே ஒழுங்காக வந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஜனம் மலையைச் சுற்றப் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு கூட்டத்தை மேடம் பார்த்ததில்லையாம். ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். திரும்பிய அந்த நேரத்தில் அவருடைய ஒரு குழாய் காய்ந்துவிட்டது. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நமக்கு எத்தனை முறை நடந்திருக்கிறது! அவர் அதை மறைக்கவில்லை. அந்தப் பாட்டிலுக்கு மெஷின் எடுத்ததை மட்டும் வைத்துக்கொள்வோம் என்றார். அதில் எவ்வளவு கலந்தோம் என்பது தன்னிடம் இருக்கிறதே, அதோடு ஒப்பிடலாம் என்றார்.

எண்கள் வர மறுநாள் ஆனது. அவர் கையில் வந்ததும் மெஷினில் வந்ததும் அக்காள் தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கை தவறவிட்ட பாட்டிலிலும் மெஷின் சரியாகப் பிடித்திருந்தது. ஒரு பாட்டிலில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. மேடம் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அது எங்களைச் சோதிக்க வைத்த வெறும் தண்ணீராம். மற்ற கூடங்களில் பலர் இதில்தான் தடுமாறுவார்களாம். அந்தப் படுத்த கோட்டுக்காக நான் பட்ட பாடு அவருக்கு எப்படித் தெரியும்?

பிறகு எங்கள் எதிரிலேயே சென்னைக்குப் போன் போட்டார்.

"மூடறதுன்னு போட்ட நோட்ட நிறுத்தி வைங்க. மூட வேணாம். இதே மெஷின் இன்னும் ரெண்டு ஊருக்கு வேணும்னு எழுதுங்க."

ஜரீனா, அந்த வார்த்தையைத் திரும்ப ஒரு முறை படி. இன்னும் இரண்டு ஊருக்கு வேணும். நீ மொட்டைமாடியிலிருந்து கழற்றி வந்த சாமானைப் போல இன்னும் இரண்டு. பாஷா அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முறை வயர் கலர் கலரா வாங்கணும் தங்கச்சி என்றுதான் அவருக்குச் சொல்ல வந்தது. ஏகாம்பரம் சார் பாக்கெட்டிலிருந்து ஒரு கற்பூரப் பொட்டலத்தை எடுத்தார், என்னைப் பார்த்தார், படியிறங்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கொளுத்தினார். அங்கிருந்தே மெஷின் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இது அழுதுகொண்டு சொல்கிற செய்தி இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடவில்லை, அப்படியே இருக்கட்டும்.

இப்போது சுற்றுக் கிராமங்களின் கேன்கள் ஒன்றுகூட நாள் கடப்பதில்லை. வந்த வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒரு பண்ணைக்குப் பக்கத்து போரில் களைக்கொல்லி இருக்கக் கூடாத அளவில் இருந்தது. குழாயை மூடி, வேறு போரிலிருந்து அந்தத் தெருவுக்குத் தண்ணீர் விட்டார்கள். முன்பு போல இருந்திருந்தால் அந்தக் கேனும் தொட்டியில்தான் போயிருக்கும். யாருக்கும் தெரியாமலே அந்தத் தெரு குடித்துக்கொண்டிருந்திருக்கும்.

எங்கள் ஊர்க் கேன் போன வாரம் வந்தது. நானே மாட்டினேன். மாட்டிவிட்டு நிற்க வேண்டும்போல இருந்தது. அப்போது உன் மகள் சமீரா பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து வாசலில் நின்றாள். புதன்கிழமைகளில் என்னோடு எங்கள் வீட்டுக்கு வருவாள், அது உனக்குத் தெரியாது. உன்னைப் போலவே இரண்டு வரிக்கு மேல் எதையும் படிப்பதில்லை. என்னைக் காலாம்மா என்று கூப்பிடுகிறாள், நீ உன் அம்மாவின் தங்கையைக் கூப்பிட்ட அதே சொல்லால்.

"டீ குடிக்கலாமா காலாம்மா?" என்றாள்.

மெஷினைப் பார்த்தேன். ஆறு குழாயும் ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருந்தன. லேப் கோட்டைக் கழற்றி மாட்டினேன். ஆணியிலிருந்து பூவை எடுத்து வைத்துக்கொண்டேன். ரோட்டைக் கடந்து எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தோம். இத்தனை வருஷத்தில் அந்தக் கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கடைக்காரர் நம்ப முடியாமல் பார்த்துவிட்டு, கிளாஸை நன்றாகக் கழுவி ஊற்றிக்கொடுத்தார்.

பாதி குடித்திருப்பேன். ஜன்னல் வழியாக, ரோட்டைத் தாண்டி அந்தக் குரல் கேட்டது. தண்ணீர் நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்தவும். எங்கள் ஊர்த் தண்ணீர் இறங்கி முடிந்துவிட்டது. என் கால் தன்னால் எழப் பார்த்தது.

"காலாம்மா, மெஷின் கூப்டுது."

"கூப்டட்டும். அதுவே பாத்துக்கும். நீ டீயக் குடி."

நான் எழுந்திருக்கவில்லை ஜரீனா. கடைசிச் சொட்டுவரை உட்கார்ந்து குடித்தேன். சூடாக இருந்ததுடி. நாக்கு சுட்டுவிட்டது.

எங்கள் ஊர்த் தண்ணீர் சுத்தம். கோடு படுத்துக்கிடக்கிறது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினால் ஊரில் சிரிப்பார்கள், இருந்தாலும் மாட்டப்போகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். தினமும் காலையில் சுத்தத் தண்ணீரை ஓட்டிப் பார்க்காமல் ஒரு கேனையும் தொட மாட்டேன். நாள் கடந்ததென்று எந்த ஊர்த் தண்ணீரையும் தொட்டியில் கவிழ்க்க விட மாட்டேன். அப்புறம், எதிர்க்கடையில் தினமும் இரண்டு டீ சொல்வேன். ஒன்று எனக்கு. இன்னொன்று உன் பங்கு. புதன்கிழமைகளில் அதைச் சமீரா குடிப்பாள், மற்ற நாட்களில் நானே குடித்துவிடுவேன். இரண்டையும் ஆறவிட மாட்டேன்.

உன் மகளுக்குக் காலாம்மா,
ஆகையால் உனக்குத் தங்கை,
கலைச்செல்வி